பையனுக்குக் கணக்கு வருகிறது, நோட்டைத் திறந்தால்தான் ஒன்றும் விளங்கவில்லை

பூங்கொடி_திருப்பூர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பையன் ஏழாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். வாயால் கேட்டால் கணக்கை டக்கென்று சொல்லிவிடுவான், கடையில் மீதிச் சில்லறை எவ்வளவு என்று எனக்கு முன்னால் அவன் சொல்வான். ஆனால் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால் எந்தக் கணக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பக்கத்தின் அடியில் இடம் தீர்ந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டான், மேலே வலது மூலையில் கொஞ்சம் காலி இடம் கிடந்தால் மீதியை அங்கே கொண்டுபோய் முடிப்பான். பெருக்கல் மார்ஜினுக்கு வெளியே, கூட்டல் உள்ளங்கையில், விடை மட்டும் பக்கத்தின் நடுவில் வட்டம் போட்டு இருக்கும்.

போன தேர்வில் அவன் எழுதிய 7ஐ அவனே அடுத்த வரியில் 1 என்று படித்து முழுக் கணக்கும் போச்சு. கணக்கு டீச்சர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'படிகள் எங்கே?' என்று எழுதி அனுப்புகிறார். அவன் அப்பா நோட்டைப் பார்த்தால் முதலில் கத்துவார், அப்புறம் 'மொத்தத்தையும் புது நோட்டில் அழகாகத் திருப்பி எழுது' என்பார். இவன் அழுதுகொண்டே எழுதுவான், அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி.

இதில் இவன் வாய் வேறு. 'ராமானுஜன் படிகள் எழுதினாரா, விடைதானே எழுதி வைத்தார்' என்கிறான். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். எந்த மாதிரி நோட்டு வாங்கித் தரலாம், திருப்பி எழுத வைப்பது சரியா, வேறு என்ன பழக்கம் கொண்டுவரலாம்? எனக்குக் கணக்கு ஓரளவு வரும், பக்கத்தில் உட்கார மாலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குத் தகுந்த மாதிரி சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற_கணக்கு எழுதியது:

மேடம், நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன், பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கும் போயிருக்கிறேன். முதலில் கையெழுத்தையும் ஒழுங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோழி கிண்டியது மாதிரி எழுதினாலும் வரிசை தப்பாமல் போகிற பையன்கள் இருக்கிறார்கள், அவர்கள் தாளைத் திருத்துவது சுலபம். முத்து முத்தாக எழுதி, நாலு வண்ணத்தில் அடிக்கோடு போட்டு, நடுவில் இரண்டு படியை விழுங்கிவிட்டுப் போகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பெற்றோருக்கு நோட்டைப் பார்த்தால் பெருமையாக இருக்கும், திருத்துகிறவருக்குத்தான் தலைவலி. உங்கள் பையனிடம் அழகைக் கேட்காதீர்கள், வரிசையைக் கேளுங்கள்.

திருப்பி எழுத வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். விடை தெரிந்த கணக்கைப் பார்த்து எழுதுவதில் யோசனையே கிடையாது, கைவலிதான் மிச்சம். ஒழுங்கு என்பது யோசிக்கும்போதே கூட வரவேண்டியது, யோசித்து முடித்தபின் மேலே பூசுவது இல்லை.

இது ஏன் முக்கியம் என்று அவனுக்கு மார்க் கணக்கில் சொல்லிப் பாருங்கள், இந்த வயசுக்கு அது ஏறும். நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 100க்கு 14 மார்க்தான் ஒரு மார்க் கேள்வி. மீதி 86ம் எழுதிக் காட்டுகிற கணக்கு: 2 மார்க்கில் 10, 5 மார்க்கில் 10, அப்புறம் வடிவியலும் வரைபடமும் தலா 8. 5 மார்க் கணக்குக்கு விடைக்குறிப்பில் படிப்படியாக மார்க் பிரித்திருக்கும். சூத்திரம், பிரதியிட்டது, சுருக்கியது, அலகோடு விடை என்று போகும். கடைசி விடை தப்பினாலும் மேலே உள்ளதற்கு மார்க் உண்டு. ஆனால் அந்தப் படி பக்கத்தின் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று திருத்துகிறவர் தேட வேண்டியிருந்தால் உங்கள் பையன் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். ஒரு கட்டுத் தாள் முன்னால் இருக்கும், அவரும் மனுஷர்தானே.

பழக்கம் என்று பார்த்தால் இரண்டைப் பிடித்தால் போதும், மற்றது பின்னால் வரும். ஒன்று, ஒரு வரியில் ஒரு படி, சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்று. இன்னொன்று, பக்கத்தை நெடுக்காக மூன்றில் ஒரு பங்கு மடித்து வலது பக்கம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், உள்ளங்கையில் போடுகிற கூட்டல் பெருக்கல் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வலப்புறம், அந்தந்தப் படிக்கு நேராக. ரஃப் நோட்டு என்று தனியாகக் கொடுக்காதீர்கள். தனி நோட்டில் போட்டது தப்பினால் எங்கே தப்பியது என்று யாருக்கும் தெரியாது, நோட்டே தொலைந்தும் போகும்.

சமக்குறி பற்றிச் சொன்னேன் இல்லையா, அவன் நோட்டில் இதையும் பாருங்கள். 12 ரூபாய் பேனா 5, 25 ரூபாய் நோட்டு ஒன்று, மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் வாயால் சொல்லிப் பழகிய பிள்ளைகள் 12 × 5 = 60 + 25 = 85 என்று ஒரே வரியில் ஓட்டுவார்கள். விடை சரி, எழுதியது தப்பு. 12 × 5 எப்படி 85 ஆகும்? அவர்களுக்கு சமக்குறி என்றால் 'அப்புறம்' என்று அர்த்தம். இந்தக் குறியை 1557இல் அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்ட் ஒவ்வொரு தடவையும் 'இதற்குச் சமம்' என்று எழுதி அலுத்துத்தான் இரண்டு இணைகோடு போட்டார், இணைகோட்டைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு ஏது என்று காரணமும் எழுதினார். இரண்டு பக்கமும் சமம் என்றால் மட்டுமே அந்தக் கோடு என்று சொல்லிவிட்டால், இரண்டு வரியாகப் பிரித்து எழுதுவது தானாக வந்துவிடும்.


சேலம்_டியூஷன் எழுதியது:

ஐயா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் ஏழாம் வகுப்புக்கு முதல் வைத்தியம் நோட்டை மாற்றுவதுதான் என்பேன். கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே என்று கடைக்காரர் கேட்பார், ஆமாம் என்று சொல்லி வாங்கிவிடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம், அவ்வளவுதான் விதி.

ஏன் என்றால், கவனக்குறைவு என்று நாம் திட்டுகிற தப்பில் பாதி, இடம் நகர்ந்ததால் வருகிற தப்பு. என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன். 407 × 36 போடும்போது முதல் வரி 2442, இரண்டாம் வரி 1221ஐ ஓர் இடம் தள்ளி எழுத வேண்டும், கோடு போடாத நோட்டில் அது மெல்ல நகர்ந்து நேர் கீழே வந்து உட்காரும், விடை 14652க்குப் பதில் 3663. தசமம் இன்னும் மோசம். 3.75உடன் 12.6ஐக் கூட்டச் சொன்னால் வலது ஓரத்தை ஒட்டி இரண்டையும் எழுதி 5.01 என்று கொண்டு வருவான், 12ஐவிடக் குறைவாக வருகிறதே என்ற சந்தேகமும் வராது. புள்ளிக்கு என்று ஒரு கட்டத்தை விட்டு, புள்ளிக்குக் கீழ் புள்ளி என்று வைத்தால் 16.35 தவிர வேறு வர வழியே இல்லை.

வகுத்தலில்தான் கட்டத்தின் அருமை தெரியும். 4214ஐ 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 42இல் 6 தடவை, அடுத்து 1 இறங்கும், 7 போகாது, உடனே 4ஐயும் இறக்கி 14இல் 2 தடவை, ஈவு 62 என்று எழுதி எழுந்துவிடுவார்கள். கட்ட நோட்டில் ஈவின் ஒவ்வோர் இலக்கமும் கீழே உள்ள இலக்கத்துக்கு நேர் மேலே உட்கார வேண்டும் என்று பழக்கினால் 1க்கு மேலே ஒரு கட்டம் காலியாகப் பல்லைக் காட்டும். அங்கே 0 போட்டால்தான் 602. இதை நான் வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறேன், கட்டம் சொன்னால் கேட்கிறார்கள்.

வலது பக்கக் கோட்டில் எனக்கு ஐயாவோடு கொஞ்சம் கருத்து வேறுபாடு. சாதாரண நோட்டில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் மிச்ச இடத்தில் பின்னக் கணக்கு நெருக்கியடிக்கும், நெருக்கினால் மறுபடி பழைய கூத்து. லாங் சைஸ் நோட்டாக இருந்தால் சரி. சின்ன நோட்டு என்றால் இடது பக்கம் முழுக்க ரஃப், வலது பக்கம் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம், எதிரெதிரே இருப்பதால் தேட வேண்டாம். தாள் வீணாகிறது என்று வீட்டில் பெரியவர்கள் முனகுவார்கள், முனகட்டும்.

அப்புறம் ரப்பரை ஒளித்து வையுங்கள். தப்பானால் ஒரே ஒரு கோடு குறுக்கே, அடுத்த வரியில் சரியானது. அழித்து அழித்து எழுதினால் தாளும் கிழியும், தப்பு எது என்ற சாட்சியும் போகும். கிறுக்கி மறைப்பதும் கூடாது.


மெக்கானிக்கல்_கோவை எழுதியது:

அக்கா, உங்கள் பையன் பக்கம் நின்று பேச ஒருத்தன் வேண்டும், நான் பேசுகிறேன். எல்லாப் படியையும் எழுது என்று சொல்வது மனசுக்குள் கணக்குப் போடுகிற பையனுக்கு நிஜமாகவே தண்டனைதான். மண்டை மூன்று வரி முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், கை பின்னால் இழுத்துக்கொண்டு வரும். 'தீர்வு' என்று தலைப்புப் போட்டு ஸ்கேல் வைத்து இரண்டு அடிக்கோடு, கேள்வியை முழுசாக நீலத்தில் எழுதி விடையைக் கறுப்பில் எழுது என்கிற வகையறா எல்லாம் ஒழுங்கே இல்லை, சடங்கு. கேள்வியை எழுதுவதிலேயே பாதி நேரம் போய்விடும். பயிற்சி எண், கணக்கு எண், கொடுத்த விவரம் இரண்டு வரி, போதும்.

எந்தப் படியை எழுதியே ஆக வேண்டும், எதை விடலாம் என்று பிரித்துக் கொடுத்தால் அவன் கேட்பான். அடைப்புக்குறியைப் பிரிக்கிற இடம், குறி மாறுகிற இடம், சமக்குறியைத் தாண்டி ஒன்றை அந்தப் பக்கம் கொண்டுபோகிற இடம், சூத்திரத்தில் எண்ணைப் போடுகிற இடம். இந்த நாலில் எது வந்தாலும் அதற்குத் தனி வரி, வேறு எதையும் அந்த வரியில் செய்யக் கூடாது. மற்றபடி 32இலிருந்து 5ஐக் கழித்ததையோ 27ஐ 3ஆல் வகுத்ததையோ அவன் காட்ட வேண்டியதில்லை.

ஏன் இந்த நாலு என்று ஓர் உதாரணம் போட்டுக் காட்டுங்கள். 20 – 3(எக்ஸ் – 4) = 5. சரியாகப் பிரித்தால் 20 – 3எக்ஸ் + 12 = 5, எக்ஸ் 9. அவசரத்தில் மனசுக்குள்ளேயே பிரித்து 12க்கு முன்னால் கழித்தலைப் போட்டுவிட்டால் 8 – 3எக்ஸ் = 5, எக்ஸ் 1 என்று வரும். வேடிக்கை என்னவென்றால் தப்பு விடையும் முழு எண்ணாக, ரொம்ப நல்ல பிள்ளையாக வந்து நிற்கிறது, சந்தேகமே வராது. கேள்வியில் திருப்பிப் போட்டால் 5க்குப் பதில் 29 வரும், அப்போதுதான் மாட்டிக்கொள்ளும். அடைப்பைப் பிரித்த வரி நோட்டில் இருந்தால் பத்து நொடியில் எங்கே சறுக்கியது என்று தெரியும். இல்லையென்றால் முழுசாக மறுபடி போட வேண்டும், சோம்பேறிப் பையனுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. (சோம்பேறி என்று பாசத்தோடுதான் சொல்கிறேன், தம்பி நம்ம ஆள்.)

ராமானுஜன் விஷயத்துக்கு பதில். அவர் படிகளைப் போடாமல் இல்லை, தாள் விலை கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அப்படி ஏற்றியதால் என்ன ஆனது? 1913இல் அவர் கடிதத்தைப் பார்த்து அசந்துபோன ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியே முதலில் கேட்டது நிரூபணம் எங்கே என்றுதான், தம்பியின் டீச்சர் சிவப்பு மையில் கேட்பதும் அதேதான். அந்த நோட்டுகளில் உள்ளதை ஒவ்வொன்றாக நிரூபித்து வெளியிட அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு ஐந்து தொகுதிகள் பிடித்தன, முதலாவது 1985, கடைசி 1998. தம்பியிடம் சொல்லுங்கள், உன் ஏழாம் வகுப்பு நோட்டுக்கு அப்படி யாரும் வந்து உட்கார மாட்டார்கள், நீயே எழுதிவிடு என்று.


பூங்கொடி_திருப்பூர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராமானுஜன் பதிலைச் சொன்னேன், சிரித்துவிட்டு 'சிலேட்டு வாங்கித் தா' என்கிறான்.

உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். சேலம் சார் சொன்ன மாதிரி பெருக்கல் வகுத்தலில் இடம் நகர்ந்ததுதான் நிறைய. சமன்பாட்டில் தப்பு குறைவு. சமக்குறியை ஐயா சொன்னபடி 'அப்புறம்' என்றுதான் போடுகிறான், பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, எனக்கு இதுவரை அது தப்பு என்றே தோன்றியதில்லை.

இன்னொரு விஷயமும் பார்த்தேன். பக்கத்தின் முதல் கணக்கு ஓரளவு நன்றாக இருக்கிறது, கீழே போகப் போகத்தான் கலைகிறது. பென்சிலை ரொம்ப அழுத்திப் பிடிக்கிறான், அரைப் பக்கம் எழுதினால் கையை உதறுகிறான். தமிழ் நோட்டிலும் வரியை விட்டு மேலே கீழே போகிறது. போர்டைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுகிறார் என்றும் அடிக்கடி சொல்வான், அதைச் சாக்கு என்றே நினைத்தோம். இதற்கும் நோட்டு ஒழுங்கில்லாததற்கும் சம்பந்தம் இருக்குமா?


கற்றல்_துணை எழுதியது:

இருக்கலாம். நான் சிறப்புக் கல்வியாளர், கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இங்கே படித்ததை வைத்து இதுதான் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் சிலதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வாயால் நன்றாகச் சொல்கிறான், எழுத்தில் வரவில்லை, கை வலிக்கிறது, வரியில் நிற்கவில்லை, எல்லாப் பாடத்திலும் அப்படி, பார்த்து எழுத மெதுவாகிறது. முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள், அதுதான் சுலபம், பலருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். அதில் ஒன்றும் இல்லையென்றால் டிஸ்கிராஃபியா என்கிற எழுதுதல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்கச் சொல்லலாம். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவன் அப்பாவுக்கும் தெரியப்படுத்துங்கள், கத்துவது குறையும்.

எங்கே போவது என்றால், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளை ஒட்டி ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, பெயரைப் பார்த்துக் கைக்குழந்தைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், 18 வயது வரை பார்ப்பார்கள். இருக்கிறது என்று உறுதியானால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது, பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் மாதிரியான சலுகைகளுக்குத் தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வேலை இழுக்கும், பத்தாம் வகுப்பு ஆரம்பித்தபின் ஓடாமல் இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டில் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான். கட்டம் பெரிதாக இருக்கட்டும், பிடிக்க அழுத்தம் தேவைப்படாத தடித்த பென்சிலோ ஜெல் பேனாவோ கொடுங்கள். கட்ட நோட்டு கிடைக்கவில்லை என்றால் கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்புங்கள், கோடுகள் எல்லாம் நெடுக்காக நின்று ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பு வரிசைகளாகிவிடும். இதற்குக் காசே செலவில்லை.

எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் என்றால் நாலை முறையாக எழுதட்டும், மீதியை உங்களிடம் வாயால் சொல்லட்டும், நீங்கள் டீச்சருக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு கணக்குக்கு மேல் வேண்டாம். முதல் கணக்கு நன்றாக இருந்து கீழே போகப் போகக் கலைகிறது என்றால் அது அலட்சியம் இல்லை, கை சோர்வு. அலட்சியக்காரன் முதல் வரியிலிருந்தே அப்படித்தான் எழுதுவான்.

சேலம் சாரிடம் ஒன்று. ரப்பரை ஒளிப்பதை நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். அடித்த கோடு ஒன்றிரண்டு தெரிந்தாலே பக்கத்தைக் கிழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ரப்பர் கையில் இருந்தால்தான் தைரியம். அந்தந்தப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.


கிராஃப்_ஷீட்_அம்மா எழுதியது:

என் பொண்ணு இப்போது பத்தாவது. நோட்டுக்குள் இருக்கும் ஒழுங்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், நோட்டுக்கு வெளியே இருப்பதையும் சொல்கிறேன். தேர்வுத் தாள், டீச்சர் கொடுக்கிற ஜெராக்ஸ், கிராஃப் ஷீட் எல்லாம் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும், பரீட்சைக்கு முதல் நாள் தேடுவார்கள். ஒரு டேக் ஃபைல் வாங்கி, பஞ்ச் பண்ணி, புதிதாக வந்தது மேலே என்று கட்டி வைத்தாலே போதும். கிராஃப் ஷீட்டை மட்டும் கணக்கு போட்ட பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள், அட்டவணை ஓர் இடம், படம் ஓர் இடம் என்று கிடந்தால் பிரயோஜனமே இல்லை. அளவுத்திட்டத்தை மேலே மூலையில் முதலில் எழுதிவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும், கடைசியில் எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகிறது.

பின்னத்துக்கு ஒரு யோசனை. கோடு போட்ட நோட்டில் ஒரே வரிக்குள் பின்னத்தை நசுக்கினால் 3இன் கீழே 8 இருக்கிறதா 6 இருக்கிறதா என்று எழுதியவருக்கே தெரியாது. அச்சடித்த கோட்டையே பின்னக்கோடாக வைத்து, தொகுதி மேல் வரியில், பகுதி கீழ் வரியில் எழுதச் சொல்லுங்கள். சமக்குறியும் கூட்டல் குறியும் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார வேண்டும். ஒரு பின்னப் படிக்கு இரண்டு வரி போகும், நோட்டு சீக்கிரம் தீரும், தீர்ந்தால் இன்னொன்று.

7ஐ 1 என்று படிப்பதற்கு, 7க்கு நடுவில் சின்னக் குறுக்குக்கோடு போடப் பழக்குங்கள். பெருக்கல் குறியும் எக்ஸும் ஒன்றாகத் தெரிகிற தொல்லை எட்டாவதில் ஆரம்பிக்கும், எக்ஸை வளைத்து எழுத இப்போதே சொல்லிக் கொடுங்கள்.


பூங்கொடி_திருப்பூர் எழுதியது:

கண் டாக்டரிடம் சனிக்கிழமை போகிறோம். ஒரு சிக்கல், பள்ளியில் கணக்குக்குக் கோடு போடாத நோட்டுதான், எல்லோருக்கும் ஒரே மாதிரி அட்டை, லேபிள். கட்ட நோட்டை வகுப்பில் எடுத்தால் டீச்சர் என்ன சொல்வாரோ, இவனும் 'சின்னப் பையன் நோட்டு' என்று கூச்சப்படுகிறான்.


ஓய்வுபெற்ற_கணக்கு எழுதியது:

டைரியில் எழுதி அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். பழைய நோட்டில் ஒரு பக்கம், வீட்டில் கட்டத்தில் போட்ட பக்கம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கணக்கு டீச்சர்கள் 'படிகள் எங்கே' என்று எழுதுவது தேடிப் பார்த்துக் கிடைக்காததால்தான், கிடைக்க வழி இருக்கிறது என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எத்தனை கணக்கு எழுத்தில், எத்தனை வாயால் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சேலம் சார் சொன்ன இடது பக்க ரஃப் நல்ல யோசனை, சின்ன நோட்டுக்கு அதுவே சரி, நான் லாங் சைஸை மனசில் வைத்துச் சொன்னேன்.


சேலம்_டியூஷன் எழுதியது:

கூச்சத்துக்கு ஒரு வழி இருக்கிறது மேடம். ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாகக் கட்டம் போட்டு, கோடு போடாத நோட்டின் எழுதுகிற பக்கத்துக்கு அடியில் வைத்து எழுதச் சொல்லுங்கள். நிழலாகத் தெரியும், எழுதி முடித்ததும் உருவி அடுத்த பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பக்கத்து பெஞ்ச் பையனுக்குத் தெரியாது. நோட்டுத் தாள் ரொம்பத் தடிமனாக இருந்தால் மட்டும் இது வேலைக்காகாது, வாங்கும்போது ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கட்டம் 1 சென்டிமீட்டர் இருக்கட்டும்.